வன்முறையைத் தடுக்க இரவு விடுதிகளை முன்னதாகவே மூடச் சொல்கிறார்கள்: எதிர்ப்பவர்கள் என்ன சொல்ல வேண்டும்?

கேள்வி: தெருவிளக்கு

வணக்கம். எங்கள் நகரின் கேளிக்கைப் பகுதியில் அடுத்தடுத்து நடந்த இரண்டு அடிதடிகளைத் தொடர்ந்து, பப், மதுக்கூடம், நடன விடுதி என்ற வேறுபாடு பாராமல் எல்லாவற்றையும் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கே மூடிவிட வேண்டும் என்று மாநகர மன்றம் ஒரு வரைவு விதியைக் கொண்டுவந்திருக்கிறது. இப்போது அவை அதிகாலை மூன்று மணி வரை திறந்திருக்கின்றன. பொதுமக்கள் எழுத்து மூலம் கருத்துத் தெரிவிக்கலாம் என்று அறிவித்திருப்பதால், நானும் ஒரு மனு அளிக்கலாம் என்றிருக்கிறேன்.

நான் விடுதி நடத்துபவன் அல்லன். அதே பகுதியில் குடியிருப்பவன். வார இறுதிகளில் மேடைகளுக்கு ஒலியமைப்பு செய்து கொடுப்பதால் எனக்கும் இதில் சொந்த நலன் உண்டு என்பதை மனுவிலேயே சொல்லிவிடப் போகிறேன். பிறகு யாராவது தோண்டி எடுத்துச் சொல்வதைவிட அது மேல்.

என் தயக்கம் வேறு. இந்த விதியை எதிர்த்து வாய் திறந்தாலே, “ஒருவன் மண்டை உடைந்து கிடக்கிறான், உங்களுக்குக் கூத்தும் கும்மாளமும்தான் பெரிதா?” என்று கேட்டுவிடுகிறார்கள். அந்தக் கேள்வியில் இருக்கும் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு சம்பவங்களில் ஒன்று, இரவு பத்தரை மணிக்கு ஒரு மதுக்கூடத்தின் உள்ளேயே நடந்தது. மற்றொன்று, விடுதிகள் எல்லாம் மூடிய பிறகு வாடகைக் கார்கள் நிற்கும் இடத்தில் நடந்தது. முதலாவதை இந்த விதி தொட்டிருக்கவே முடியாது. இரண்டாவதை மூன்று மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்கு நகர்த்தியிருக்குமே தவிரத் தடுத்திருக்குமா என்பது எனக்கு விளங்கவில்லை. வேறு நகரங்கள் இதைச் செய்து பார்த்து என்ன கண்டன, எதிர்ப்புக்கு உண்மையிலேயே வலுவான காரணங்கள் எவை, எவற்றைச் சொன்னால் எடுபடாது என்பதை அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: வாயிற்காவல்

நடன விடுதிகளின் வாசலில் பல ஆண்டுகள் பவுன்சராக நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். வெளியில் இருந்து பார்ப்பவர்கள் நினைப்பதுபோல, சண்டை இரவு முழுவதும் ஒரே சீராகப் பரவிக் கிடப்பதில்லை. பெரும்பாலான இரவுகளில் எனக்குக் கவலை தந்தது மூடும் நேரத்தை ஒட்டிய அரைமணிதான்.

அந்த அரைமணியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இசை நிற்கிறது, விளக்குகள் எல்லாம் ஒரேயடியாக எரிகின்றன. கையில் பாதிக் குவளை வைத்திருப்பவர், அதை விட்டுவிட்டுப் போக மனமின்றி ஒரே மடக்கில் குடித்துவிடுகிறார். மேலங்கியையும் பையையும் திரும்ப வாங்கும் இடத்தில் வரிசை, கழிப்பறையில் வரிசை, குறுகலான படிக்கட்டில் தோளோடு தோள் உரசும் நெருக்கம். வெளியே வந்தால், பக்கத்து விடுதியில் இருந்தவர்களும் எதிர் விடுதியில் இருந்தவர்களும் அதே நிமிடத்தில் அதே நடைபாதைக்கு வந்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கானவர்களுக்கு மூன்று நான்கு வாடகைக் கார்கள்தான் நிற்கின்றன. ஒருவர் வரிசையைத் தாண்டிப் போய்க் கதவைத் திறக்கிறார், இன்னொருவர் “என்ன முறைக்கிறாய்?” என்கிறார். அங்கே இருந்த எவரும் சண்டை போட வேண்டும் என்று வீட்டிலிருந்து கிளம்பி வந்தவர் அல்லர்.

ஆகவே என் முதல் வாதம் இது: எல்லா விடுதிகளுக்கும் ஒரே மூடும் நேரத்தை விதித்தால், நாமே அந்தக் கூட்டத்தைத் தயாரித்துத் தெருவில் இறக்கி விடுகிறோம். மூன்று மணிக்கு நடப்பது பன்னிரண்டு மணிக்கு நடக்கும். சொல்லப்போனால் இன்னும் பெரிய கூட்டமாகவே நடக்கும், ஏனென்றால் மூன்று மணி வரை உட்கார்ந்திருப்பவர்கள் குறைவு; பன்னிரண்டு மணிக்கு எல்லோருமே உள்ளே இருப்பார்கள். ஒவ்வொருவராகக் களைத்து, தாமாகவே வீட்டுக்குப் போய்விடும் அந்தக் கரைதலுக்கு இடமே இல்லாமல் போகும்.

நேரத்தைச் சுருக்கினால் குடி சுருங்கிவிடும் என்பதும் தானாக நடப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் பல மாநிலங்களில் 1916 முதல் மதுக்கடைகள் மாலை ஆறு மணிக்கே மூடப்பட்டன. நியூசிலாந்தில் 1917இல் வந்த அதே விதி 1967 வரை நீடித்தது. ஐந்து மணிக்கு வேலை முடித்தவர்கள், மீதமிருந்த ஒரு மணி நேரத்தில் குடிக்க முடிந்ததையெல்லாம் குடித்தார்கள். குவளைகளை எடுத்துச் சென்று நிரப்ப நேரம் போதாமல், நியூசிலாந்து மதுக்கூடங்களில் நீண்ட குழாயை இழுத்துக்கொண்டு போய் அந்தந்த இடத்திலேயே ஊற்றும் பழக்கம் வந்தது. குடும்பங்களுக்கு அமைதி கிடைக்க வேண்டும் என்று தொடங்கிய விதி, ஆறு மணிக்கு நிதானம் தவறிய ஆண்களை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பும் விதியாக முடிந்தது.

மன்றத்தினர் இன்னொன்றையும் யோசித்ததாகத் தெரியவில்லை. உரிமம் பெற்ற விடுதியில் வாசலில் ஆள் உண்டு, கண்காணிப்புக் கேமரா உண்டு, அளவு மீறியவருக்கு ஊற்ற மறுக்க வேண்டிய கடமை உண்டு, சண்டை நடந்தால் உரிமம் போய்விடும் என்ற பயம் உண்டு. பன்னிரண்டு மணிக்கு வெளியே அனுப்பப்படும் இளைஞர்களில் ஒரு பகுதியினர் யாராவது ஒருவரின் வீட்டுக்கோ பூங்காவுக்கோ பாட்டிலோடு போவார்கள். அங்கே இவற்றில் எதுவும் இல்லை.

மறுமொழி: இரவுப்பணி

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். வாயிற்காவல் ஐயா எழுதியதில் அனுபவம் இருக்கிறது. ஆனால் அவர் விட்டுவிட்ட பக்கத்தையும் யாராவது எழுத வேண்டும். உடைந்த குவளையால் கன்னத்திலிருந்து உதடு வரை கிழிந்த முகத்தைத் தைக்கும்போது அருகில் நின்றவளுக்கு, “விடுதியால் இரவுப் பொருளாதாரம் வளர்கிறது” என்ற வாக்கியம் காதில் ஏறாது.

மனு எழுதுபவர், முன்னதாக மூடுவதால் எந்தப் பயனும் இல்லை என்று தயவுசெய்து எழுத வேண்டாம். அது உண்மையல்ல. நார்வேயில் 18 நகரங்களை எடுத்துக்கொண்டு, 2000 முதல் 2010 வரை அங்கே மூடும் நேரங்கள் முன்னும் பின்னும் மாறியபோது என்ன நடந்தது என்று பார்த்தார்கள். ஒரு மணி நேரம் கூடினால் தாக்குதல்கள் ஏறத்தாழ 16 சதவீதம் கூடின. குறைந்தால் அதே அளவுக்குக் குறைந்தன. ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் 2008இல் நகர மையத்தின் பதினான்கு பப்களுக்கு நேரக் கட்டுப்பாடு வந்தபோது, கட்டுப்பாடு இல்லாத பக்கத்துப் பகுதியோடு ஒப்பிடுகையில் தாக்குதல்கள் 37 சதவீதம் குறைந்தன. ஆம்ஸ்டர்டாமில் 2009இல் இரண்டு கேளிக்கைப் பகுதிகளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தபோது, அங்கே மதுவால் ஏற்படும் காயங்களுக்கு ஆம்புலன்ஸ் அழைக்கப்படுவது 34 சதவீதம் உயர்ந்தது. பிரேசிலின் டியாடெமாவில் 2002இல் மதுக்கூடங்களை இரவு பதினொரு மணிக்கு மூட வைத்த பிறகு கொலைகளே பெருமளவில் குறைந்தன.

ஒரே நேரத்தில் கூட்டம் கூடுவது ஆபத்து என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிகாலை மூன்று மணிக்கு வருபவரின் உடலில் இருக்கும் மதுவின் அளவு, பன்னிரண்டு மணிக்கு வருபவரின் உடலில் இருப்பதைவிடக் கூடுதல். களைப்பும் கூடுதல். எங்கள் பிரிவிலோ அந்த நேரத்தில் மருத்துவர்கள் குறைவு. ஒரு நகரம் இரவு முழுவதும் திறந்திருக்கலாம் என்று முடிவு செய்தால், அந்த முடிவின் செலவை இரவுப் பணியில் இருப்பவர்கள் சுமக்கிறோம் என்பதையும் மனுவில் ஒரு வரி எழுதுங்கள்.

மறுமொழி: சட்டவரைவு

உள்ளாட்சி உரிம விதிகள் எழுதும் வேலையில் பல காலம் இருந்தவன். தோழி இரவுப்பணி சொன்ன ஆய்வுகள் உண்மையானவை. அவற்றை மறைத்துவிட்டு எழுதப்படும் எந்த மனுவும் விசாரணையின் முதல் பத்து நிமிடங்களிலேயே படுத்துவிடும். எனவே, “நேரக் கட்டுப்பாடு பலன் தராது” என்பது நம் வாதமாக இருக்கக் கூடாது. “அதே பலனை இதைவிடக் குறைந்த சேதத்தோடு பெற முடியும்போது, எல்லோருக்கும் ஒரே பூட்டு ஏன்?” என்பதே வாதமாக இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் பெரியது.

முதலில் அந்த ஆய்வுகளையே கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். நியூகாசிலில் நேரத்தை மட்டும் குறைக்கவில்லை. இரவு பத்து மணிக்குப் பிறகு ஷாட் எனப்படும் சிறு குவளைக் கடும் மதுவுக்குத் தடை, பொறுப்பாக ஊற்றப்படுகிறதா என்று கண்காணிக்கத் தனி ஆள் என்று பல நிபந்தனைகள் ஒன்றாக வந்தன. எந்த மருந்து வேலை செய்தது என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. அதோடு அங்கே மூடும் நேரம் மூன்று, மூன்றரை மணி. உங்கள் நகரில் இப்போது இருப்பதே மூன்று மணி! நியூகாசிலை எடுத்துக்காட்டிப் பன்னிரண்டு மணி கேட்பவரிடம் இதை ஒரு முறை நினைவூட்டினால் போதும். டியாடெமாவில் காவல் துறையின் வேறு நடவடிக்கைகளும் அதே காலத்தில் நடந்தன. அந்நகரம் இருக்கும் சாவ் பாவ்லோ மாநிலம் முழுவதிலுமே அந்த ஆண்டுகளில் கொலைகள் குறைந்துகொண்டிருந்தன. நார்வே ஆய்வுக்கு எதிராக மட்டும் என்னிடம் இப்படி ஒரு குறை இல்லை. அது நல்ல ஆய்வு.

அடுத்தது சிட்னி. ஒரே குத்தில் விழுந்து இறந்த இளைஞர்களின் மரணங்கள் நாட்டையே உலுக்கியதைத் தொடர்ந்து, 2014 பிப்ரவரியில் கிங்ஸ் கிராஸ் பகுதியிலும் நகர மையத்திலும் அதிகாலை ஒன்றரை மணிக்குப் பிறகு விடுதிக்குள் புதிதாக யாரும் நுழையக் கூடாது, மூன்று மணிக்குப் பிறகு மது ஊற்றக் கூடாது என்ற விதி வந்தது. மாநில அரசின் குற்றப் புள்ளிவிவர அமைப்பு 2017இல் வெளியிட்ட கணக்கின்படி, குடும்பம் சாராத தாக்குதல்கள் கிங்ஸ் கிராஸில் 49 சதவீதமும் நகர மையத்தில் 13 சதவீதமும் குறைந்தன. அதே கணக்கில், எல்லையை ஒட்டிய பகுதிகளில் 12 சதவீதமும், சற்றுத் தொலைவில் எளிதாகப் போய்ச் சேரக்கூடிய கேளிக்கைப் பகுதிகளில் 17 சதவீதமும் அவை கூடின. மொத்தத்தில் குறைவுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கிங்ஸ் கிராஸில் இரவில் நடமாடுபவர்களே அருகிவிட்டார்கள். மனிதர்கள் இல்லாத தெருவில் அடிதடி குறைவதைக் காவல் துறையின் வெற்றி என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பெரிய சூதாட்ட விடுதி விதிக்கு வெளியே வைக்கப்பட்டதை மக்கள் கடைசி வரை மன்னிக்கவில்லை. இசை மேடைகள் பல மூடப்பட்டன. நகர மையத்தில் புதிதாக நுழையக் கூடாது என்ற தடை 2020 ஜனவரியிலும், கிங்ஸ் கிராஸில் 2021 மார்ச்சிலும் நீக்கப்பட்டது.

எதிர்ப்புத் தரப்பில் நான் பார்த்ததிலேயே மிக வலுவான சான்று ஸ்டாக்ஹோம்தான். அங்கே 1996இல் தொடங்கிய திட்டத்தின் மையம் மூடும் நேரம் அல்ல, ஊற்றுபவரின் கை. மது பரிமாறுபவர்களுக்கும் வாசல் காவலர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். உரிம அதிகாரிகளும் காவல் துறையும் விடுதி உரிமையாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். மீறியவர்கள் மீது நடவடிக்கை எடுத்தார்கள். பலன் வந்ததா என்று பார்க்கக் கையாண்ட முறை எனக்கு மிகவும் பிடிக்கும்: நிலைதடுமாறும் அளவுக்குக் குடித்தவர்போல நடிக்கத் தெரிந்த நடிகர்களை மதுக்கூடங்களுக்கு அனுப்பி, ஒரு பியர் கேட்கச் சொன்னார்கள். 1996இல் ஊற்ற மறுத்த இடங்கள் வெறும் 5 சதவீதம். 1999இல் அது 47 சதவீதம்; 2001இல் 70 சதவீதம். திட்டம் நடந்த பகுதியில் இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையே காவல் துறை பதிவு செய்த வன்முறைக் குற்றங்கள் 29 சதவீதம் குறைந்தன.

அந்த முதல் எண்ணை மீண்டும் ஒருமுறை பாருங்கள். நூற்றுக்கு தொண்ணூற்றைந்து இடங்களில், நிற்கக்கூட முடியாதவருக்கு மேலும் ஊற்றியிருக்கிறார்கள். சட்டம் அதைத் தடை செய்துதான் இருந்தது. செயல்படுத்த ஆள் இல்லை. பல நகரங்களில் நிலை இதுதான். கையில் இருக்கும் விதியைச் செயல்படுத்தாமல் புதிதாகக் கதவைப் பூட்டுவது, செலவில்லாமல் கண்டிப்பானவர்போலக் காட்டிக்கொள்ள மன்றங்களுக்குக் கிடைத்த எளிய வழி என்பது என் சொந்த அபிப்பிராயம். ஆய்வாளரை நியமிக்கச் சம்பளம் வேண்டும். மூடும் நேரத்தை மாற்ற ஒரு தீர்மானம் போதும்.

நீதியின் கோணத்தையும் விடாதீர்கள். ஆண்டுக்கணக்கில் ஒரு கைகலப்புகூட நடக்காத சிறிய இசைக்கூடமும், வாரந்தோறும் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் மதுக்கூடமும் இந்த வரைவின் கீழ் ஒரே தண்டனையைப் பெறுகின்றன. கேளிக்கைப் பகுதிகளில் நடக்கும் வன்முறையின் பெரும்பகுதி மிகச் சில இடங்களைச் சுற்றியே நடக்கிறது என்பது குற்றவியல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டது. அந்தச் சில இடங்களின் பெயரை மன்றம் அறியாமலா இருக்கும்?

தெருவிளக்கு:

மூவருக்கும் நன்றி. பலன் இல்லை என்று எழுதப் போவதில்லை. அப்படி எழுதி வைத்திருந்த என் மனுவின் வரைவைக் கிழித்துப் போட்டாயிற்று. வேண்டாம் என்று சொல்வதோடு நிற்காமல், மாற்றாக எதைக் கேட்பது என்பதுதான் இப்போது என் கேள்வி. ஸ்டாக்ஹோம் முறை பலன் தரச் சில ஆண்டுகள் ஆகும்போல் தெரிகிறது. அடுத்த மாதமே ஏதாவது செய்தாக வேண்டும் என்று மன்றத்தில் துடிக்கிறார்கள்.

வாயிற்காவல்:

அடுத்த மாதமே செய்யக்கூடியவை இருக்கின்றன. விடுதிகளின் மூடும் நேரங்களை அரைமணி இடைவெளியில் பிரித்து வையுங்கள். மது ஊற்றுவதை நிறுத்திய பிறகும் ஒரு மணி நேரம் கதவு திறந்திருக்கட்டும். மெல்லிய இசையும் குடிநீரும் இருந்தால் ஆட்கள் தாமாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலைவார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005இல் பொது மூடும் நேரத்தைத் தளர்த்தியபோது இந்தக் கரைதலை எதிர்பார்த்தார்கள். பெரும்பாலான இடங்கள் சற்றே நேரத்தைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் ஒன்றாகவே மூடியதால் அது பெரிதாக நடக்கவில்லை, சண்டையின் ஒரு பகுதி பின்னிரவுக்குத் தள்ளிப்போனதுதான் மிச்சம். பலர் பயந்ததுபோல வன்முறை வெடித்துப் பெருகவும் இல்லை. அதனால் தளர்த்திவிட்டால் போதாது, இடைவெளியை உரிமத்திலேயே எழுத வேண்டும். வாடகைக் கார் வரிசைக்குத் தடுப்புக் கம்பியும் ஒழுங்குபடுத்த ஓர் ஆளும் வேண்டும். இரவுப் பேருந்து ஒன்று ஓடினாலே உங்கள் இரண்டாவது சம்பவம் போன்றவற்றில் பாதிக்குக் காரணம் இல்லாமல் போகும்.

சட்டவரைவு:

இதோடு வேல்ஸின் கார்டிஃப் நகரில் உருவான முறையையும் கேளுங்கள். முக அறுவை மருத்துவரான ஜொனாதன் ஷெப்பர்ட், வன்முறையில் காயமடைந்து மருத்துவமனைக்கு வருபவர்களில் பெரும்பகுதியினரின் விவரம் காவல் துறையை எட்டுவதே இல்லை என்பதைக் கண்டார். வரவேற்பு மேசையில் இருப்பவரே எந்த இடம், என்ன நேரம், எந்த ஆயுதம் என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். பெயரை நீக்கிவிட்டு அந்த விவரம் நகராட்சிக்கும் காவல் துறைக்கும் போகும். அதைக் கொண்டு ரோந்துப் பாதையை மாற்றினார்கள், குறிப்பிட்ட விடுதிகளைக் குறிவைத்தார்கள். இதே அளவுள்ள மற்ற நகரங்களோடு ஒப்பிடுகையில், வன்முறையால் மருத்துவமனையில் சேர்க்கப்படுவோர் 42 சதவீதம் குறைந்ததாக 2011இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கண்ணாடிக் குவளைக்குப் பதிலாக எளிதில் உடையாத குவளை என்பதும் அந்தப் பாதையில் வந்த சிந்தனைதான். தோழி சொன்ன கன்னக் கிழிசலுக்கு நேரடி மருந்து அது.

இரவுப்பணி:

கார்டிஃப் முறை எங்கள் பிரிவுக்கு வந்தால், அந்த மூன்று கேள்விகளை முதல் ஆளாக நானே கேட்டுக் குறித்துக்கொள்வேன். எல்லோருக்கும் பன்னிரண்டு மணி என்பதை நான் ஆதரிக்கப் போவதில்லை. பத்தரை மணிச் சம்பவம் எனக்கும் உறுத்துகிறது. ஆனால் ஒரு நிபந்தனை. மாற்றுத் திட்டம் என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் கூட்டம் கூடிப் பேசிக் கலைவதாக இருந்தால் எனக்கு நேரக் கட்டுப்பாடே மேல். ஓராண்டுக்குப் பிறகு மருத்துவமனைக் கணக்கு குறையவில்லை என்றால், அந்தக் கணக்கில் திரும்பத் திரும்ப வரும் விடுதிகளின் நேரம் மட்டும் தானாகவே குறைக்கப்படும் என்ற பிரிவை உங்கள் மனுவில் நீங்களே எழுதிக் கேளுங்கள், தெருவிளக்கு. விடுதிக்காரர்கள் அதற்கு ஒப்புக்கொள்கிறார்களா என்று பாருங்கள்.

தெருவிளக்கு:

எழுதிவிட்டேன். நான் வேலை பார்க்கும் விடுதிகளின் உரிமையாளர்களுக்கும் அந்தப் பிரிவை அனுப்பியிருக்கிறேன். இருவர் ஒப்புக்கொண்டார்கள், ஒருவர் இன்னும் பதில் சொல்லவில்லை.